இரும்பில்லாத தோட்டம்

ஆகஸ்ட் 5

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். மூட மனம் வரவில்லை என்றால் வாசித்துத் தொலையுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் விடுதி வார்டன் சண்முகசுந்தரி மேடத்திடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். காட்டினால் என் பெயரை விடுதிப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவார். விடுதி போனால் பள்ளிக்கூடமும் போயிற்று. எங்கள் ஊரிலிருந்து இங்கே நாற்பது கிலோமீட்டர். தினமும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிற ஆள் இல்லை என் அப்பா. அக்காவைப் போல நானும் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்க வேண்டியதுதான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் ஒன்பது. குடும்பம் ஒரு வகுப்பு முன்னேறியிருக்கிறது.

நான் எழுதும் இடம் விடுதியின் பின்பக்கம் இருக்கிற கருவி அறை. தோட்டக்கலைத் துறை எங்கள் காய்கறித் தோட்டத்துக்குக் கொடுத்த சாமான்கள் இங்கேதான் இருந்தன. போன மாதம் வரை உள்ளே கால் வைக்க இடமில்லை. இப்போது சம்மணம் போட்டு உட்காரலாம், காலை நீட்டலாம், வேண்டுமானால் உருளலாம். இவ்வளவு வசதி செய்து கொடுத்த மேடத்துக்கு நன்றி. உள்ளே தாழ்ப்பாளும் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்து விளக்கணைக்கும் மணி அடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் எனக்குக் கிடைக்கும். நான் இங்கே இருப்பது என் அறையில் இருக்கும் பிளசிக்கு மட்டும் தெரியும்.

சாமான்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. ஜூலை 18 விடிகாலையில் நான் குளியலறைக்குப் போனபோது பின்வாசலில் குட்டியானை வண்டி நிற்கவில்லை. அதன் பக்கவாட்டில் மேடத்தின் அண்ணனுடைய முருங்கைத் தோப்பின் பெயர் எழுதியிருக்கவில்லை. அதில் ஏழு மண்வெட்டியும் நான்கு கடப்பாரையும் ஆறு களைக்கொத்தும் இரண்டு பூவாளியும் ஏறவில்லை. மேடம் நைட்டியோடு நின்று, "மெள்ள வைங்கண்ணே, பிள்ளைக முழிச்சிரும்" என்று சொல்லவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கவும் இல்லை.

ஆகஸ்ட் 6

காலைப் பிரார்த்தனையில் மேடம் ஒரு சுற்றறிக்கை வாசித்தார். மாதக் கடைசியில் மாவட்டத் தலைநகரில் விடுதித் தோட்டக் கண்காட்சி. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் உள்ளத்திலிருந்து பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"இரும்புங்கிறது மண்ணைக் காயப்படுத்தும், பிள்ளைகளா. மண்புழுவை ரெண்டா வெட்டிரும். இனிமே நம்ம தோட்டத்துல இரும்பே கிடையாது. கம்பு, பனை மட்டை, சிரட்டை, சுரைக்குடுக்கை, இப்படிக் கடவுள் குடுத்ததை வச்சே கருவி செய்யப்போறோம். அதையே கண்காட்சியிலயும் வைக்கப்போறோம்."

"அப்பம் பழைய மம்பட்டியெல்லாம் எங்க மேடம்?" என்று பிளசி கேட்டாள். பிளசிக்கு மூளை நன்றாக வேலை செய்யும். வாய் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"பூவாளியுமா மேடம்? அது புதுசுலா."

"புதுசுலதான் ரிப்பேர் வரும். உக்காரு."

மேடத்தின் கருணை எங்கள் தோட்டத்து மண்புழுக்களோடு நின்றுவிடுகிறது. முருங்கைத் தோப்பு மண்புழுக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு மேடம் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "இசக்கிராணி, நீதான் இதுக்கு லீடர். உங்க ஊருல பனை நெறைய உண்டும்லா." உண்டு. நான் அதன் நிழலில் நின்றதோடு சரி. ஆனால் மேடம் எதற்காக என்னைத் தேடினார்? அதைத்தான் இன்று மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 8

பள்ளி விட்டு வந்ததும் உடைமரக் கொம்பு தேடிப் போனோம். ஒரு கிளை நீளமாகவும் ஒரு கிளை குட்டையாகவும் பிரிகிற கொம்பு வேண்டும். நீளம் கைப்பிடி, குட்டையைச் சீவிக் கூராக்கினால் களைக்கொத்து. எடுத்துச் சொல்ல இவ்வளவு எளிது. உடைமுள் எங்கள் எல்லோருடைய கையிலும் காலிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கொம்பைக் கொடுத்தது.

சீவுவதற்குச் சமையல்கார பிரம்மசக்தி அக்காவிடம் அரிவாள் கேட்டேன்.

"இரும்பு கூடாதுன்னுல்லா உங்க வார்டன் சொல்லிச்சு?"

"இரும்பை ஒழிக்கத்தான் இரும்பு கேக்கோம் அக்கா."

"நல்லா ஒழிச்சிய போங்க. கறி நறுக்கதுக்குள்ள கொண்டாந்துரு."

கூர் முனையைத் தணலில் வாட்டினால் இறுகும் என்று பிளசி எங்கேயோ படித்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று படிக்கவில்லை. முதல் கொத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அது முழுக் கரியாயிற்று. அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்காட்சியில இதையே வைங்கட்டி, இயற்கைக் கரின்னு" என்றார்.

நான்காவது கொத்தில்தான் பிடிபட்டது. தீயில் காட்டக் கூடாது, தணலுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் மாறியதும் எடுத்துக் கல்லில் தேய்த்து, மறுபடி வாட்ட வேண்டும். நகத்தால் கீறினால் நகம்தான் தேய வேண்டும். இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10

மண் அள்ளுவதற்குத் தேங்காய்ச் சிரட்டையில் காம்பு கட்ட, ஒன்பது சிரட்டை உடைந்தது. மேடம் வந்து பார்த்து, "பொறுமை வேணும்" என்றார். மேடம் மாடித் தொட்டியில் வைத்திருக்கும் ரோஜாவுக்கு நேற்றுத்தான் புது இரும்புக் கரண்டி வந்தது. ரோஜாவுக்கு மண்புழு கிடையாது போல.

ஆகஸ்ட் 12

சுரைக்குடுக்கை வெற்றி. கழுத்தை அறுத்து, விதையை உதறி, ஒரு வாரம் ஊறப்போட வேண்டியதை நாற்றம் தாங்காமல் நான்கு நாளிலேயே கழுவி, அடியில் உடைமுள்ளால் ஓட்டை போட்டோம். தண்ணீர் பூப்போல விழுந்தது. கத்தரி நாற்று தலையை ஆட்டிக்கொண்டது. களவு போன பூவாளியைவிட இது நன்றாக விழுகிறது. களவு போன என்று எழுதிவிட்டேன். ரிப்பேருக்குப் போன.

ஆகஸ்ட் 13

வாரி செய்யப் பனை மட்டை எடுத்தோம். மட்டையின் ஒரு முனையை ஐந்து விரலாகக் கிழித்து, நடுவே குறுக்குக் குச்சி கொடுத்து நாரால் கட்டினால் சருகு வாருகிற வாரி. ஆனால் மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்கும். ரம்பப் பல் போல. அதை முதலில் சீவிவிட வேண்டும். அரிவாள் அந்நேரம் கறி நறுக்கப் போய்விட்டது. கல்லில் தேய்த்தே கருக்கை எடுத்துவிடலாம் என்றேன். நான்தான் லீடர்.

மட்டை வழுக்கி பிளசியின் உள்ளங்கையைக் கட்டைவிரலடியிலிருந்து மணிக்கட்டு வரை திறந்துவிட்டது. அவள் கையைப் பார்த்துவிட்டு, "இரும்பா இருந்தா காயம் ஆயிருக்கும், என்ன" என்றாள்.

மேடம் மஞ்சள் வைத்துக் கட்டினார். மஞ்சளும் இயற்கைதான்.

ஆகஸ்ட் 14

நார் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். நார் தபால் நிலையத்தில் விற்பதில்லையே என்று பிளசி கேட்டாள். வழியில் இருந்தது, பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 18

தோட்டக்கலை அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்களாம். அங்கிருந்து யாரோ மேடத்துக்குப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பிரார்த்தனையில் மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"ஏழு மம்பட்டியாம். நாலு கடப்பாரையாம். ஆறு களைக்கொத்து, ரெண்டு பூவாளியாம். பக்கத்துல நின்னு எண்ணுன மாதிரி எழுதியிருக்கா. எவள்னு எனக்குத் தெரியும். அவளா வந்து சொன்னா மன்னிச்சிருவேன். இல்லேன்னா பேரை வெட்டி வீட்டுக்கு அனுப்புவேன், எந்த விடுதியிலயும் சேக்க முடியாதபடி எழுதியும் குடுப்பேன்."

யார் எழுதியிருப்பார்கள்? என்ன துணிச்சல். எனக்கெல்லாம் அப்படித் துணிச்சல் வராது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று மேடமே ஒத்துக்கொண்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிளசி மட்டும் கட்டுப் போட்ட கையால் என் முதுகில் மெதுவாகத் தட்டினாள். எதற்குத் தட்டினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 19

மேடம் எனக்கு மட்டும் இனி தினமும் இரண்டு முட்டை வைக்கச் சொன்னார். "லீடர்லா, தெம்பு வேணும்." முட்டையைப் பார்த்து இவ்வளவு பயந்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 23

தோட்டத்தில் ஒத்திகை. மரக்கொத்து மண்ணில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மேடம் கைதட்டினார். என் கையில் கொப்புளம் உடைந்து மறுபடி கொப்புளம். சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26

பிளசிக்குக் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் வாடை வருகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"கண்காட்சி முடியட்டும். இப்பம் போனா எப்படி வெட்டுச்சுன்னு டாக்டர் கேப்பாரு. நான் என்ன சொல்லுவேன்?"

"மட்டை வெட்டுச்சுன்னு சொல்லலாம் மேடம்."

"பிள்ளைகளை வச்சு மட்டை எதுக்கு வெட்டுனேன்னு கேப்பாரு. நாலு நாள்தான். பாரசெட்டமால் குடு."

நான் இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருக்கலாம். உப்பளம் ஞாபகம் வந்தது. பாரசெட்டமாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29

கண்காட்சி. இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பெரிய மைதானம். ஒவ்வொரு விடுதிக்கும் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு பாத்தி. மற்ற விடுதிகள் பூசணிக்காயும் புடலங்காயும் வைத்திருந்தன. நாங்கள் வெள்ளைத் துணி விரித்து எங்கள் கொத்து, விதைக்குழிக் குச்சி, சிரட்டை அகப்பை, வாரி, சுரைக்குடுக்கை எல்லாவற்றையும் அடுக்கினோம். மேலே 'மண்ணைக் காயப்படுத்தாத கருவிகள்' என்று பலகை. கூட்டம் எங்கள் பக்கம்தான் வந்தது. மேடம் எல்லோருக்கும் மண்புழு கதையைச் சொன்னார். ஆறாவது தடவை சொல்லும்போது மேடத்துக்கே கண் கலங்கியது.

சிறப்பு விருந்தினர் வந்து, "எங்க, கொத்திக் காட்டும்மா" என்றார்.

எங்கள் தப்பு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் தேரிக்காட்டுப் பிள்ளைகள். எங்களுக்கு மண் என்றால் சிவப்பாக, மாவு போல, கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே வாங்குகிற மண். அதில் கொத்தே வேண்டாம், கையால் தோண்டலாம். மண் வேறு மாதிரியும் இருக்கும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அந்த மைதானத்தில் இருந்தது கல்லும் மண்ணும் இறுகிய சரள். முதல் கொத்துக்குக் கல்லில் அடித்த சத்தம் வந்தது. இரண்டாவது கொத்துக்குக் கூர் முனை முறிந்து, விருந்தினரின் செருப்புக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"உடைஞ்சு போச்சே" என்றார் அவர்.

மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என் பெயர் வெட்டப்படுவது தெரிந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"உடையணும்னுதான் சார் செஞ்சிருக்கோம். உடைஞ்சதை இந்தப் பாத்தியிலயே பொதைச்சா மக்கி உரமாயிரும். இரும்பு உடைஞ்சா பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்."

பிறகு கைதட்டல். விருந்தினர் முறிந்த முனையைத் தன் கையாலேயே எடுத்து மண்ணில் புதைக்கப் பார்த்தார். மண் இடம் கொடுக்கவில்லை. மேலே வைத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். முதல் பரிசு எங்களுக்கு.

கூட்டம் எங்கள் பாத்தியை விட்டு நகர்ந்த பிறகு ஒரு அம்மா மட்டும் நின்றார். தோட்டக்கலை அலுவலர், பெயர் மெகராஜ். எங்களுக்குச் சாமான் கொடுத்தவரே அவர்தான்.

"இதுக்கு முன்னால எதால கொத்துனீங்க?"

எங்கள் மேடம் எனக்கு இரண்டடி பின்னால் நின்றார். "எப்பவும் இதாலதான் மேடம்" என்றேன்.

"கையக் காட்டு." என் துணிச் சுற்றைப் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் பதினஞ்சு நாள் கொப்புளம். எப்பவும் இதால கொத்துன கை இப்படியா இருக்கும்?"

அதற்குள் மேடையில் விடுதியின் பெயரைக் கூப்பிட, எங்கள் மேடம் கேடயம் வாங்க ஓடினார். மெகராஜ் மேடம் குரலை இறக்கினார்.

"ஒரு மொட்டைக் கடுதாசி வந்துது. பேரில்லாத கடுதாசிக்கு எங்க ஆபீஸ்ல காது கேக்காது. ஃபைல்ல படுத்துக் கெடக்கு. பேரும் கையெழுத்தும் போட்டு ஒண்ணு வந்தா, நானே ஜீப்ப எடுத்துட்டு வருவேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்."

"ஒனக்குத் தெரியும்னு நான் சொன்னனா?"

அவர் என் கையில் துணியைத் திரும்பச் சுற்றிவிட்டுப் போனார். என்னைவிட நன்றாகச் சுற்றினார்.

ஆகஸ்ட் 30

கேடயம் மேடத்தின் மேசையில் இருக்கிறது. மேடம் என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "ஒன் வாய்தான் நம்மளக் காப்பாத்துச்சு. நீ என் பிள்ளைட்டி." வெளியே வந்து குழாயடியில் தலையைக் கழுவிக்கொண்டேன். எண்ணெய் அதிகமாகிவிட்டது போல.

சந்தோஷச் செய்தி இன்னும் இருந்தது. மாவட்டத்தில் மீதி இருக்கிற பதினான்கு விடுதியிலும் இதே கருவிகள் வரப்போகின்றனவாம். நாங்கள் போய்ச் செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டுமாம். அங்கே இருக்கிற இரும்புச் சாமான்களை எல்லாம் மேடம் பொறுப்பில் பத்திரமாக எடுத்து வைப்பாராம். பதினான்கு விடுதி. அண்ணனின் தோப்பு அவ்வளவு பெரியது என்று நான் நினைக்கவில்லை.

பதினான்கு விடுதியிலும் பனை மட்டை இருக்கும். ஒவ்வொன்றிலும் பிளசி மாதிரி ஒருத்தி இருப்பாள். உடையணும்னுதான் செஞ்சிருக்கோம் என்று சொன்னது மேடம் இல்லை. நான்.

ஆகஸ்ட் 31

பிளசியின் கை முழங்கை வரை வீங்கிவிட்டது. காலையில் பிரம்மசக்தி அக்கா அதைப் பார்த்தார். அடுப்பை அணைத்தார். பிளசியை எழுப்பி, சேலையைச் செருகிக்கொண்டு, வாசலுக்கு நடத்தினார். மேடம் குறுக்கே வந்தார்.

"எங்க போறீங்க? பிள்ளைகளுக்கு யாரு சமைப்பா?"

"நீங்கதான். கடவுள் குடுத்த கை இருக்குல்லா."

அவர்கள் செருப்புப் போடுகிற நேரத்தில் நான் அறைக்கு ஓடினேன். ஒரு தாள் கிழித்தேன். இரண்டாவது தடவை எழுத அவ்வளவு நேரம் ஆகவில்லை. என்ன எழுத வேண்டும் என்பது ஏற்கெனவே மனப்பாடம். அடியில் இருக்க வேண்டியது மட்டும்தான் புதிது.

பஸ் நிறுத்தம் வரை கூடவே போனேன். பிளசி தாளைப் பார்த்தாள். காய்ச்சலிலும் வாய் ஓயவில்லை. "எம் பேரையும் போடுட்டி."

"ஒரு பேர் போதும். ரெண்டு பேர் போட்டா ரெண்டு கட்டில் காலியாகும்."

"எங் கட்டில்தான் இப்பமே காலியாயிட்டே."

அக்கா தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தார். எங்கே கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். யாரிடம் என்று சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. பஸ் வந்துவிட்டது.

மத்தியானம் மேடம் சமைத்த சோற்றைச் சாப்பிட்டோம். பிரம்மசக்தி அக்காவின் அருமை நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

செப்டம்பர் 1

அக்கா சாயங்காலம் தனியாக வந்தார். பிளசியைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். கையைத் திறந்து சீழ் எடுத்திருக்கிறார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எப்படி வெட்டியது என்றும் கேட்டாராம். பிளசி முழுக் கதையையும் சொல்லி, நர்சுகளைச் சிரிக்கவும் வைத்தாளாம்.

"கடிதாசிய நேத்தே குடுத்துட்டேன்" என்றார் அக்கா. "அந்த மெகராஜ் அம்மா இல்ல. மேசையில இருந்த ஒரு ஆள்ட்ட குடுத்தேன். நல்ல மனுசன். வாங்கி வாசிச்சாவ. நம்ம வார்டன நல்லாத் தெரியுமாம், சொகமா இருக்காவளான்னு விசாரிச்சாவ."

அக்காவுக்கு நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்ல. அவர் நாள் முழுக்க ஒரு டீதான் குடித்திருந்தார்.

மேடம் இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவர் அறையில் போன் மணி மூன்று தடவை கேட்டது. என் தட்டில் ஒரு முட்டைதான் இருந்தது. இதற்காக இரண்டு வாரமாக வேண்டிக்கொண்டவள் நான், இன்று அந்த ஒற்றை முட்டையை உரிக்காமலே தட்டோடு நகர்த்திவிட்டேன்.

என்ன நடக்கும் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். கடிதம் மெகராஜ் மேடத்திடம் போயிருந்தால் ஜீப் வரும். அந்த நல்ல மனுசனிடமே நின்றிருந்தால் அப்பா வருவார், என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவார், அம்மா எதுவும் கேட்க மாட்டாள், என் அக்கா தன் பழைய ரப்பர் செருப்பில் ஒரு ஜோடியை எனக்கு எடுத்து வைப்பாள். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதைவிட

தட்டுகிறார்கள்.

பிளசி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வேறு யாருக்கும் இந்த இடம் தெரியாது. கதவிடுக்கில் வெளிச்சம் போயிருக்கும்.

மறுபடியும் தட்டல். பெண் குரல்தான். கதவு கனம், எந்தப் பெண் என்று தெரியவில்லை. இசக்கி என்று கூப்பிடவில்லை, ஏட்டி என்றும் இல்லை. கடிதத்தின் அடியில் நான் எழுதியதை ஒரு சொல் விடாமல் வாசிக்கிறார். இசக்கிராணி, தகப்பனார் பெயர் சுடலைமுத்து, ஒன்பதாம் வகுப்பு, சாமான்களை வண்டியில் ஏற்றியதை என் கண்ணால் பார்த்தவள்.

ஆமாம். நான்தான். இரண்டு கடிதத்தையும் எழுதியது நான்தான். தாழ்ப்பாளை